மேலே பார்க்கச் சொல்பவர்

உங்கள் கைப்பேசியில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதா? அப்படியானால் அதில் இவரும் இருப்பார். குழுவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. இரண்டு பேர் இருந்தால் அந்தக் குழு நெடுநாள் தாங்காது. யார் எதைக் கேட்டாலும் "இது பேசி முடிச்ச விஷயமுங்க, மேலே பாருங்க" என்று எழுதுவாரே, அந்த இனம்.

கொல்லிமலை மிளகு விவசாயிகள் குழுவில் அவர் பெயர் சென்றாயன். அந்த மலையில் ஊர்த்தொகுதிக்கு 'நாடு' என்று பெயர்; இவர் எடப்புளி நாட்டுக்காரர். நல்ல மனிதர். காலையில் எழுந்து, பல் துலக்கி, திருநீறு பூசி, கைப்பேசியைத் திறந்து, பழைய கேள்வியை யாராவது புதிதாகக் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்து, கேட்டிருந்தால் உள்ளுக்குள் மகிழ்ந்து, வெளியே பெருமூச்சு விட்டு, "மேலே பாருங்க" என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் கைகள் இரண்டு வைத்த பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும். பதில் தெரியாமலா? நன்றாகத் தெரியும். சொன்னால் சொன்னதையே சொன்னதாகிவிடுமே!

இத்தனைக்கும், திங்கள்தோறும் அறப்பளீஸ்வரர் முன்னால் நின்று, மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று ஆறு வருடமாக ஒரே வேண்டுதலைத்தான் வைக்கிறார். அங்கிருந்து இதுவரை "மேலே பார்" என்று பதில் வந்ததில்லை.

இந்த ஆடி மழையில், தேவனூர் நாட்டு அத்தாயி குழுவில் குரல் பதிவு போட்டாள்.

"ஏனுங்க, மொளகுக் கொடியில எலை கறுத்துக் கறுத்துக் கொட்டுதுங்க. முப்பது கொடியில நாலு போயிருச்சு. என்னங்க பண்றது?"

"பேசி முடிச்ச விஷயம் அம்மிணி. மேலே பாருங்க." கும்பிடும் கைகள் இரண்டு.

அத்தாயி சொன்னால் செய்கிறவள். அவள் காட்டில் பாறைமேல்தான் சிக்னல். குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, விரலால் தள்ளத் தொடங்கினாள். காலை வணக்கப் பூக்கள் வந்தன. முருகன் வந்தார், மாதா வந்தார். காணாமல்போன வெள்ளாடு ஒன்று வந்தது. அது கிடைத்த செய்தியும் வந்தது. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழ விலை வந்தது. இலை கொட்டுவதைப் பற்றிப் பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். பதினேழு பேரையும் சென்றாயன் மேலே பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தள்ளினாள். கீழே இன்னும் மூன்று கொடிகள் போயின.

மூன்றாம் நாள் அத்தாயியின் குரல் வந்தது.

"ஏனுங்கண்ணா, குழு ஆரம்பிச்ச நாள் வரைக்கும் போயிட்டு வந்துட்டனுங்க. அங்கியும் நீங்கதானுங்க உக்காந்திருக்கீங்க. அதுக்கு மேல வானந்தானுங்க."

சென்றாயன் தட்டினார், அழித்தார். தட்டினார், அழித்தார். கடைசியில், ஏதோ குலவழக்கத்தை மீறுகிறவரைப்போல, ஒரே மூச்சில் எழுதினார்: "வேரடியில நிக்கிற தண்ணியை வடிச்சு விடுங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சுத் தெளிங்க." இரண்டே வரி. கைகள் வைக்க மறந்துபோனார்.

மருந்து பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு போக, அத்தாயிக்கு இருபத்தொரு கொடி மிஞ்சியது.

மறுவாரம் யமுனா என்கிற பெண் அதே கேள்வியைக் கேட்டாள். சென்றாயனுக்கு உயிர் வந்தது. "மேலே பாருங்க அம்மிணி." முதல் தடவையாக மேலே பதிலும் இருந்தது.

அதுசரி, இந்த ஆசாமியைப் பற்றி ஏற்கெனவே யாரோ எழுதிவிட்டார்களே, திரும்பவும் எதற்கு என்று படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் குழுவில் அந்த ஒருவர் யாரென்று இனிமேல் தேடவேண்டாம்.