ஹக்கபி ஓடினால் கீழ்த்தளம் போச்சு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி ஜெரியிடம் நான் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. இந்த முறை ஒன்றே ஒன்றிலாவது ஜெயித்துவிடுவது என்று முடிவு கட்டினேன். விஷயத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சமையல் வேண்டாம். சொந்தக்காரர்கள் வேண்டாம். கார் சாவியை நான் எங்கே வைத்தேன் என்பது வேண்டவே வேண்டாம். ஃபுட்பால். அதிலும் குவார்ட்டர்பேக். பள்ளிக்கூட அணியில் நானே குவார்ட்டர்பேக்காக நின்றவன். இதில் என்னை யார் மடக்க முடியும்?

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பேர்தான் ஃபுட். மரியாதையெல்லாம் கைக்கு. மலை மாதிரி ஐந்து ஆட்கள் முன்னால் மறித்து நிற்பார்கள். குவார்ட்டர்பேக் அவர்களுக்குப் பின்னால் நிதானமாக நின்று, தூரத்தில் ஓடும் தன் ஆளைப் பார்த்துப் பந்தை எறிய வேண்டும். அதற்குத்தான் சம்பளம். எங்கள் டொலிடோ அணிக்கு இந்த வருஷம் வந்து சேர்ந்த ஹக்கபி நிற்கிற சாதி இல்லை. எதிராளி ஒருத்தன் உறுமினால் போதும், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே ஓடிவிடுவான்.

"ஓடுகாலிப் பய," என்றேன், சீசனின் முதல் ஆட்டத்திலேயே.

"ஓடுகாலியாவே இருக்கட்டும். உன்னை மாதிரி உக்காந்தகாலி இல்லையே," என்றாள் ஜெரி.

"காலேஜ்ல ஓடலாம் ஜெரி. இது காசுக்கு ஆடுற ஆட்டம். ஒவ்வொருத்தனும் லாரி சைஸ்ல இருக்கான். ஒரே இடி. முட்டி போச்சு, ஆளு போச்சு."

"நின்னா மட்டும் விட்ருவானா? ஓடுறவனுக்கு இடிக்க வர்றவன் மூஞ்சியாவது தெரியும். நிக்கிறவனுக்கு முதுகுலதான் விழும். நீ விழுந்ததை நான் பார்க்கலையா?"

பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதினவள். நான் மண்ணைக் கவ்வும்போதெல்லாம் ஊரை உற்சாகப்படுத்த ஊதியது அவள்தான். நிறைய ஊத வேண்டியிருந்தது.

"அவனுக்கு எறியத் தெரியலை, அதான் ஓடுறான்," என்றேன்.

"அவன் எறியறது இருக்கட்டும் நார்பர்ட். நீ ஏன் எரியற?"

இப்படியே செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. ஹக்கபி ஓடினான், அணி ஜெயித்தது. நான் அதிர்ஷ்டம் என்றேன். மறுபடி ஓடினான். எதிரணி சரியில்லை என்றேன். கண்ணாடித் தொழிற்சாலையில் என் ஷிப்டில் இருக்கிறவர்கள்கூட என்னைக் கண்டால் மெதுவாக ஓடுவதுபோல் நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். ஜனவரியில், தோற்றால் வெளியே போக வேண்டிய சுற்றுக்கு எங்கள் அணி வந்து நின்றது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். ஊரே கொடி கட்டியது.

அந்த வாரம்தான் இர்மா விவகாரம் வெடித்தது.

இர்மா ஜெரியின் அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். பஸ்ஸுக்குப் பிரேக் போடுவாள், பேச்சுக்குப் போட மாட்டாள். ஒரு கல்யாண விருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சூப்பில் ஆரம்பித்த பேச்சு கேக் வந்த பிறகும் முடியாமல், கழிவறைக்குப் போகிற சாக்கில் பார்க்கிங்கில் போய் ஒளிந்தவன் நான். அதற்குப் பிறகு அவள் வந்தால் எனக்கு ஓவர்டைம் இருக்கும். இப்போது அவள் புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு புளோரிடா போய்விட்டான். வீட்டை விற்றாயிற்று. போக இடமில்லை.

"நம்ம கீழ்த்தளம் சும்மாதானே இருக்கு," என்றாள் ஜெரி, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

சும்மாவா? கீழ்த்தளத்தில்தான் என் பெரிய டிவி இருக்கிறது. என் சாய்வு சோபா இருக்கிறது. என் பீர் பெட்டி இருக்கிறது. மொத்தத்தில் நான் இருக்கிறேன்.

"பாவம்தான். ஆனா..." என்று இழுத்தேன்.

"என்ன ஆனா? அவ என் அக்கா நார்பர்ட். அறுபது வயசுல பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா."

கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொன்னால் நான் மனுஷனில்லை. சரி என்று சொன்னால் எனக்குக் கீழ்த்தளமில்லை. அந்த நெருக்கடியில்தான் மூளையில் மின்னல் வெட்டியது.

"ஒரு பந்தயம்," என்றேன். "ஞாயித்துக்கிழமை ஹக்கபி ஓடி ஜெயிச்சிட்டான்னா, இர்மாவுக்குக் கீழ்த்தளம். நானே சோபாவைத் தூக்கித் தர்றேன். ஜெயிக்கலைன்னா வேற ஏற்பாடு பார்ப்போம். இனிமே இந்தப் பேச்சே கிடையாது."

மசிக்கிற கை நின்றது. "என் அக்கா வாழ்க்கையைப் பந்து மேல வைக்கிறியா?"

"உனக்குத்தான் ஹக்கபி மேல அவ்வளவு நம்பிக்கையாச்சே!"

வெகு நேரம் யோசித்தாள். உதட்டைக் கடித்தாள். பெருமூச்சு விட்டாள். "சரி. பக்கத்து வீட்டு மெல்வின் சாட்சி," என்றாள்.

என் வார்த்தையைக் கவனித்தீர்களா? "ஓடி" ஜெயித்தால். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மோதப்போகும் மில்வாக்கி அணியின் தடுப்பாட்டக்காரர்கள் ஓடுகிறவனைப் பிடித்து மடித்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஹக்கபியால் ஓடவும் முடியாது, அவனுக்கு எறியவும் தெரியாது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெல்வின் ஒரு பெரிய சட்டி நிறைய பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்போடு கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தான். வெளியே பனி கொட்டியது. ஜெரி அணியின் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். நானும் அதே ஜெர்ஸிதான். அதற்குள் இருந்த மனசு மட்டும் மில்வாக்கி.

பிறந்ததிலிருந்து இந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான். அது தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சில்லி இறங்கவில்லை. ஹக்கபி முதல் முறை பந்தை இடுக்கிக்கொண்டு கிளம்பினான். மூன்று பேர் சேர்ந்து அவனைப் பனியில் புதைத்தார்கள்.

"ஆகா!" என்றேன்.

மெல்வின் திரும்பிப் பார்த்தான். "என்னடா ஆகா?"

"ஆகா... அநியாயம்னு சொல்ல வந்தேன்."

ஜெரி ஒரு சிப்ஸை மட்டும் நொறுக்கினாள்.

இடைவேளை வரைக்கும் ஹக்கபியால் அசைய முடியவில்லை. மில்வாக்கி முன்னால் போனது. ஜெரி நகத்தைக் கடித்தாள். அக்காவின் பெட்டி அவள் கண்ணில் தெரிந்தது. எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது. சோபாவைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மனசு மறுபடி இறுகிவிட்டது.

பிற்பாதியில் கதை மாறியது. பனி கெட்டியாகி, மலைகளெல்லாம் வழுக்கி விழ ஆரம்பித்தன. ஹக்கபி மட்டும் பூனை மாதிரி ஓடினான். இடது பக்கம் போனான், பத்து கஜம். வலது பக்கம் போனான், இருபது கஜம். ஒருத்தன் அவன் காலைப் பிடித்தான். காலணிதான் கையோடு வந்தது. எனக்கு வியர்த்தது.

"ஹீட்டர் ஜாஸ்தியா இருக்கா?" என்றான் மெல்வின்.

"அவனுக்கு உள்ளுக்குள்ள ஹீட்டர்," என்றாள் ஜெரி.

கடைசி நிமிஷம். எங்கள் அணி நாலு புள்ளி பின்னால். எதிரணிக் கோடு ஆறு கஜத்தில். கடைசி ஒரு முயற்சி. கோட்டைத் தாண்டினால் வெற்றி. இல்லையென்றால் வீட்டுக்கு. மெல்வின் கரண்டியை வாயில் வைத்தபடியே இருந்தான். ஜெரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தயத்தில் எனக்கு எதிராளி என்பதையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

பந்து ஹக்கபியிடம் வந்தது. வலது பக்கமாகக் கிளம்பினான். போச்சு, ஓடுகிறான்! மில்வாக்கி மொத்தமும் அவன் மேல் பாய்ந்தது. பக்கவாட்டில் நாலு எட்டு வைத்ததும் சட்டென்று நின்றான். பந்தை அவர்கள் தலைக்கு மேல் மெதுவாக, பூவை வீசுகிற மாதிரி வீசினான். கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆள் ஒருத்தன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி, தன்னந்தனியாக நின்றிருந்தான். பிடித்தான்.

டொலிடோ ஜெயித்தது. மெல்வின் சில்லியைச் சுவரெல்லாம் தெளித்தான். ஜெரி கத்திக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் கத்தினேன். அவளைவிட அதிகமாகக் கத்தினேன். ஏனென்றால் என் அணியும் ஜெயித்துவிட்டது, பந்தயத்தில் நானும் ஜெயித்துவிட்டேன்!

"எறிஞ்சான்! ஓடலை! எறிஞ்சுதான் ஜெயிச்சான்! மெல்வின், நீ சாட்சி! 'ஓடி ஜெயிச்சா'ன்னுதானே பந்தயம்?"

மெல்வின் தலையைச் சொறிந்தான். "வார்த்தைப்படி பார்த்தா நார்பர்ட் சொல்றது சரிதான் ஜெரி."

ஜெரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் தோல்வி. "சரிப்பா. நீ குவார்ட்டர்பேக்கா ஆடினவன். எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. கொஞ்சம் விளக்கிச் சொல்றியா?"

விளக்கிச் சொல்றியா! இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"கேளு."

"பந்தைப் பிடிச்ச பையன் பக்கத்துல ஏன் ஒருத்தனுமே இல்ல?"

"நல்ல கேள்வி. அவனைக் காவல் காக்க வேண்டியவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. அவனை விட்டுட்டு ஹக்கபி மேல பாஞ்சுட்டாங்க."

"ஏன் பாஞ்சாங்க?"

"பாயாம? ஹக்கபி ஓடிட்டா யாரால பிடிக்க முடியும்? மத்தியானம் பூரா அவன் ஓட்டத்தைப் பார்த்து நடுங்கிப் போயிருந்தாங்க. அதனாலதான் அந்தப் பந்து..."

வாயை மூடினேன். கொஞ்சம் தாமதமாக.

"அதனாலதான்?" என்றாள் ஜெரி.

"அதனாலதான்னு... அதாவது..."

"அவன் கால் இல்லேன்னா அந்தக் கைக்கு வேலையே இருந்திருக்காதுங்கறே. மெல்வின், கேட்டியா?"

"கேட்டேன்," என்றான் மெல்வின். "ஓட்டம்தான் ஜெயிச்சதுன்னு நார்பர்டே சொல்லிட்டானே. விளக்கமா வேற சொன்னான்."

இந்த ஊரில் நீதி என்பது யார் சில்லிச் சட்டியைக் கழுவித் தருகிறார்களோ அவர்கள் பக்கம். நான் சோபாவில் விழுந்தேன். "சரி. இர்மா எப்ப வர்றா?"

வாசலில் ஹாரன் கேட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர்கள் மட்டும் அடிக்கக்கூடிய ஹாரன். ஒரு வாடகை லாரி, கட்டில் மேஜையோடு.

"தெரு முனையில நின்னு ரேடியோவுல ஆட்டத்தைக் கேட்டுக்கிட்டிருந்தா," என்றாள் ஜெரி. "முடியறதுக்குள்ள வந்தா உனக்குக் கவனம் சிதறும்னு நான்தான் நிக்கச் சொன்னேன்."

இர்மா பனியை உதறிக்கொண்டு படியிறங்கி வந்தாள். மூச்சு வாங்கவில்லை, நேராக ஆரம்பித்தாள்.

"பார்த்தீங்களா அந்த ஓடுகாலிப் பயலை! ஏதோ கடைசியில எறிஞ்சான், பொழைச்சோம். ஓடுறவனை நம்பி ஒரு அணி கோப்பை வாங்க முடியுமா? ஒரு இடி போதும், முட்டி போயிடும். குவார்ட்டர்பேக்னா நிக்கணும்! நின்னு எறியணும்!"

நான் பார்க்கிங்கில் ஒளிந்து தப்பித்தது இவளிடமிருந்தா? உலகத்தில் என் கட்சிக்கு இருக்கிற ஒரே ஆள்!

ஜெரியைப் பார்த்தேன். "இவ இப்படித்தான் பேசுவான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? செப்டம்பர்லேர்ந்து வீட்டுல நீ, போன்ல அவ. ரெண்டு காதுலயும் ஒரே பாட்டு." மெல்வின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பக்கம் பிடி மெல்வின். டிவியை மேல கொண்டுபோயிடலாம். அக்கா கட்டிலுக்கு இடம் வேணும். அடுத்த வாரம் நீயும் நானும் மேல உக்காந்து ஆட்டம் பார்ப்போம். இவங்க ரெண்டு பேரும் கீழ உக்காந்து பேசட்டும்."

டிவி படியேறிப் போனது. பின்னாலேயே மிச்சமிருந்த சில்லியும் போனது. மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இர்மா என் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஹக்கபியைப் பற்றி நான் நினைத்திருந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஆமாம்" என்று சொல்லக்கூட எனக்கு இன்னும் இடைவெளி கிடைக்கவில்லை.