கானான் தேசத்தில் ஒரு கம்பம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் ஜெபிதாவுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து அப்பா தேவசுந்தரம் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். இத்தாலியில் உன் உடம்பும் உத்தியோகமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தபாலில் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு மலைமேல் ஏறி, கீழே திராட்சைத் தோட்டமும் அதற்கப்பால் நீலக்கடலுமாக ஒரு படம் அனுப்பினாய் அல்லவா? கம்பி வேலியருகே முதுகைக் காட்டி நீ நிற்கிறாய், பக்கத்தில் கறுப்பாக ஒரு கம்பம். குருவிகுளத்துக் கரிசலையே பார்த்த கண்ணுக்கு அது கானான் தேசமாகவே பட்டது. நம் சபை ஆண்டு விழாவில், மோசே மலையில் நின்று கானானைப் பார்க்கிற நாடகம். பின்திரைக்கு இதைவிட எது பொருந்தும் என்று, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஃப்ளெக்ஸ் கடை லிங்கேஷுக்கு அனுப்பிவிட்டேன். சுருட்டி வந்ததை விரித்துப் பார்க்காதது என் முதல் தப்பு. ரூபஸ் அண்ணனுக்கு மோசே வேஷம் கொடுத்தது இரண்டாவது. திரை விலகியதும், கோலோடு திரும்பிப் பார்த்த மோசே வசனத்தை மறந்து, "ஏலே, இது நம்ம ஜெபிதால்லா! பக்கத்துல நிக்கது யாரு?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். பத்தடி அகலத்தில் கம்பத்துக்குக் கை முளைத்து, அந்தக் கை உன் தோளில் இருந்தது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தும் இரண்டு பேரை ஒன்றாக எண்ணியிருக்கிறேன். போதாக்குறைக்கு அடியில் ரோஜாப்பூ போட்டு, 'மணமக்களை வாழ்த்துகிறோம்' என்று கொட்டை எழுத்து. சபையே கைதட்டியது. லிங்கேஷைப் பிடித்து உலுக்கினால், "சோடியா நிக்காவ அண்ணாச்சி, வாழ்த்து போடாம மொட்டையாவா அடிக்க முடியும்?" என்கிறான். அன்று சபை விருந்தில் அசனச் சோறு சாப்பிட்டு எழுந்தவர்களெல்லாம் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். உன் அம்மா வேறு, "ஆளு நல்ல உயரமாத்தான் இருக்காரு" என்கிறாள். எட்டடி உயர ஃப்ளெக்ஸில எவன்தான் குள்ளமா இருப்பான்?

கோபம் உன் தோளில் கிடந்த அந்தக் கைமேல் இல்லை மக்கா. என்னிடம் சொல்லப் பயந்தாயே, அதில்தான். மோசே தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகக் கொடுத்துவைக்கவில்லை. உன் வாழ்க்கையை நானும் அப்படித்தான் பார்க்கணுமா? ஆனாலும் கண்டிப்பாச் சொல்லுதேன், யோசிக்க எனக்கு ஒரு வருஷமாவது வேணும். டிசம்பருக்கு நீ மட்டும் வா. அந்த ஃப்ளெக்ஸை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாப் போட்டுட்டேன், மழைக்காவது உதவட்டும்.

அந்நிய மண்ணில் உன் கால் இடறாமல் தேவன் காக்கட்டும். அம்மா ஞானபாய் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா,
தே. தேவசுந்தரம்

பி.கு.: கொட்டகை என்று எழுதியது பொய். நமக்கு ஏது ஆடு? ஃப்ளெக்ஸ் முன்னறைச் சுவரில்தான் தொங்குகிறது. அந்தப் பையனின் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது. ஃப்ளெக்ஸில் விழுந்த சுருக்கமோ என்று தினமும் நீவிவிட்டுப் பார்க்கிறேன், படத்திலேயே அப்படித்தான். டிசம்பரில் கூட்டிக்கொண்டு வரும்போது அதைக் கொஞ்சம் சரிபண்ணிவிடு.