நாற்பத்தோராயிரம் படங்களும் ஒரு கறுப்பு நாயும்

புகைப்படம் எடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் பெரும்பான்மையினர். அவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. எடுத்ததை எல்லாரிடமும் காட்டிக்கொண்டே இருப்பவர்கள் அடுத்த ரகம். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவர்களிடமிருந்து தப்பிவிடலாம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் படம் எடுப்பதும் அரிது, பார்ப்பதும் அரிது. அடுக்குவார். வாசகரே, தங்கள் மேலான கவனத்துக்கு உரியவர் அவரே.

குடும்பத்தார் நடத்திய கல்யாணங்கள், போன கடற்கரைகள், பெற்ற பிள்ளைகள் அனைத்தையும் ஆண்டு, மாதம், நாள், இடம், ஆள் என்ற வரிசையில் பெயரிட்டு, பெயரிட்டதைச் சரிபார்த்து, சரிபார்த்ததை மூன்று இடங்களில் நகலெடுத்து, பிறகு அந்த முறையே தவறு என்று கண்டு முதலிலிருந்து தொடங்குவது அவரது விடுமுறை. மாமியாரும் நாத்தனாரும் ஒரே படத்தில் சேர்ந்து சிரித்திருந்தால் அதை யார் பெயரில் வைப்பது? நமக்கு இது அதிசயம். அவருக்கு இது இரண்டு நாள் தலைவலி.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். இயந்திர உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர். மனைவியின் தங்கைகள் வைத்த பெயர் ஆல்பம் அத்தான். கிடங்கில் ஒரு திருகாணி இடம் மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை, நாற்பத்தோராயிரம் படங்களையும் அவர் அடுக்கி முடித்தார். ஆடிப்போனவை, இரட்டித்தவை, இருட்டாக விழுந்தவை ஆகிய மூன்று வகையையும் கணினியே பொறுக்கி, 'தேறாதவை' என்ற கோப்புறையில் போட்டுவிடும்படி ஏற்பாடு செய்திருந்தார். அதில் ஆறாயிரத்துச் சொச்சம் சேர்ந்தன. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் அழித்தார். நகல்களிலும் அன்றைக்கே, முறைப்படி, அழித்தார். அன்று அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, பரீட்சை முடிந்த பிள்ளைகூட அப்படித் தூங்காது.

ஞாயிறு காலை, தண்ணீர் கேன் போட வந்தவர் வாசல் கதவைத் திறந்தபடி விட்டுப் போனார். வீட்டு நாய் கரிமூட்டை வெளியே போய்விட்டது. பெயருக்கேற்ற நிறம், இடது காதுக்குக் கீழே மட்டும் விரல்நுனி அளவு வெள்ளை. தெருவுக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஓடும் பெரிய சாலை.

மகள் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"அப்பா, மூட்டையோட போட்டோ ஒண்ணு குடுங்கப்பா. தெரு குரூப்ல எந்தக் கறுப்பு நாய்னு கேக்குறாங்க. நம்ம தெருவுல மட்டும் நாலு இருக்காம்."

"ஒரே நிமிஷம்," என்றார் அவர். இந்த இனம் சொல்லும் ஒரு நிமிடத்தில் நீங்கள் துணி துவைத்து, காயப்போட்டு, மடித்தும் வைத்துவிடலாம்.

ஆண்டைத் திறந்தார். மாதத்தைத் திறந்தார். ஆளைத் திறக்கப் போனபோதுதான் உறைத்தது: நாய் ஆள் இல்லை. 'பிற' என்பதில் தேடினார். குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை வந்தது. பிறந்தநாள் படத்தில் ஒரு வால் கிடைத்தது. கடற்கரைப் படத்தில் நாய் முழுதாக நின்றிருந்தது. சட்டகத்தின் சமநிலை கெடுகிறது என்று போன மாதம் இவரே அதை வெட்டியிருந்தார்.

"என்னங்க, இன்னுமா?" என்றாள் மனைவி.

"இதுக்குன்னு ஒரு சிஸ்டம் இருக்கு. சிஸ்டப்படிதான் தேடணும்."

"அது அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கு எந்த சிஸ்டம்?"

அப்போதுதான் அவருக்கு வியர்த்தது. கறுப்பு நாயை நெருங்கிப் படமெடுத்தால் படம் முழுக்கக் கறுப்பு. கறுப்பென்றால் கணினிக்கு இருட்டு. இருட்டென்றால்... அவர் அந்தக் கோப்புறையின் மேல் சுட்டியை வைத்தார். காலி. தோளுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

"தேறாதவைன்னா என்னப்பா?"

"இருட்டா விழுந்த படம்மா."

"மூட்டையே இருட்டாத்தானேப்பா இருக்கும்?"

அவர் அந்தக் கோப்புறையை மூடி, மறுபடியும் திறந்து பார்த்தார். அப்போதும் காலிதான்.

மனைவி தன் போனை எடுத்தாள். ஒழுங்கில்லாத அந்தப் போனைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி அவர் ஓராண்டாகக் கேட்டுவந்தார்; அவள் கொடுத்ததில்லை. மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை, வீட்டுக்கூரை, அவளது கட்டைவிரல் என்று கலந்து கிடந்த குப்பையைக் கட்டைவிரலாலேயே தள்ளிக்கொண்டு போனாள். இருபது வினாடி.

"இந்தா பாப்பா."

கரிமூட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுக்குக் கீழே வெள்ளை. பின்னணியில், கணினியின் முன்னே, அப்பாவின் முதுகு.

படம் தெரு குரூப்புக்குப் போன பத்தாவது நிமிடத்தில் முனைக்கடை மெக்கானிக் கூப்பிட்டார்.

"இது என் வண்டிக்கு அடியில தூங்குதும்மா. எழுப்பினா முறைக்குது. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

மகள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

அவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? நிச்சயமாக. நாய் வீடு வந்து சேர்வதற்குள் 'நாய்' என்றொரு கோப்புறை பிறந்திருந்தது. அதற்குள் 'முன்புறம்', 'பக்கவாட்டு', 'உறங்கும் நிலை' என மூன்று பிள்ளைகள். பிறகு அவர் மனைவியின் போனை ஆசையோடு பார்த்தார்.

"இதுல இருக்கிறதையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கட்டுமா?"

"தொட்டுப் பாருங்க," என்றாள் அவள், போனை முந்தானையில் முடிந்தபடி.

வாசகரே, தாங்கள் சிரித்திருப்பீர்கள், மகிழ்ச்சி. ஆனால் தங்களில் சிலர், கோளாறு அந்த மனிதரிடம் இல்லை, இருட்டுப் படங்களுக்குத் தனி விதியும் விலங்குகளுக்குத் தனி வகையும் முன்கூட்டியே வகுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று இந்நேரம் மனத்துக்குள் திருத்தம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: தயவுசெய்து எழுந்து போய், வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.