காலண்டரண்ணன் கடை திறந்த கதை

வருஷத்தில் நல்ல நாள் என்று ஒன்றுகூடக் கிடையாது என்பதை ஆதாரத்தோடு நிரூபித்த ஒரே மனிதர், சித்தூர் காலண்டரண்ணன்தான்.

பெங்களூரில் தெருவுக்குத் தெரு புதுக் கம்பெனி முளைத்து, எங்கள் பக்கத்துப் பையன்களெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய காலம் அது. நான் மட்டும் வேலூரிலிருந்து சித்தூருக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. அங்கே சமையல் மாஸ்டர் நம்ம அண்ணன். அவர் கிண்டும் ராகிக் களிக்கும் கோழிக் குழம்புக்கும் லாரி டிரைவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். பேர் என்னவோ முதலாளிக்குத்தான்.

அண்ணனுக்கு ஒரே ஒரு கனவு. பலமனேரில், பெங்களூர் ரோட்டின்மேலேயே, சொந்தமாக ஒரு மெஸ். வெறும் கனவு என்று நினைக்காதீர்கள். கடை பிடித்தாயிற்று. அடுப்பு, அண்டா, பெஞ்சு எல்லாம் இறக்கியாயிற்று. போர்டுகூட எழுதி, போர்வை சுற்றி, வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தது. திறக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்தப் பாக்கி வருஷக்கணக்கில் நின்றது.

காரணம், அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய இரண்டு காலண்டர்கள். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. எல்லையோரத்து ஆள், எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்ளக் கூடாதாம். தெலுங்கில் ஆஷாடம் ஆகாது. அது முடிவதற்குள் தமிழில் ஆடி பிறந்துவிடும். அப்புறம் அங்கே மஹாளயம், இங்கே புரட்டாசி. மார்கழி போனால் புஷ்யம். அமாவாசை நமக்கு நல்ல நாள், அவர்களுக்கு ஆகாது. கரிநாள் நமக்கு ஆகாது, அவர்கள் அதைக் கண்டுகொள்வதேயில்லை. அண்ணன் இரண்டையும் விலக்குவார். அஷ்டமி, நவமி, செவ்வாய், சனி என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது ஏதோ நாலைந்து நாள். அன்றைக்குப் பார்த்து யாராவது தும்மித் தொலைப்பார்கள்.

ஒரு தடவை கடைவாய்ப் பல் வலியில் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டரிடம் போகவும் நாள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கையில் பல் தானாகவே விழுந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மெஸ் முழுக்கக் காட்டினார். "பாத்தியா? பொறுத்துக்கினு இருந்தா அல்லாம் தானா நடக்கும்!"

"அப்ப கடையும் தானா தெறந்துக்குமா?" என்று கேட்டார் அண்ணி. "இன்னொருத்தன் அடுப்புல நீ வெந்துக்கினு கீறதப் பாக்க எனக்கு வயிறு எரியுது. நம்ம கடைய நான் எப்ப பாக்கறது, கண்ணு அவிஞ்ச பொறவா?"

பக்கத்து வீட்டு டெய்சி அக்கா சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். அண்ணியின் புலம்பலைக் கேட்கச் சகிக்காமல், மாதாகோயில் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மூன்றாவதாக மாட்டினார். "இதுல ராகு காலமே கெடையாதுண்ணா. எந்த நாளும் ஆண்டவர் நாளுதான். தைரியமா தெறங்க."

மறுநாள் காலையில் அண்ணன் அந்தக் காலண்டரும் கையுமாக அவர் வாசலில் நின்றார். "யக்கா, தபசு காலம்னு நாப்பது நாள் போட்டுக்கீதே. அப்ப கறி துன்னக் கூடாதாமே?"

"ஐயோ இயேசப்பா! அது எங்களுக்குண்ணா!"

"சாமி அல்லாம் ஒண்ணுதானேக்கா," என்று அந்த நாற்பது நாளையும் கழித்துவிட்டார் மனிதர். டெய்சி அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கடைசியில் கடையின் சொந்தக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. யாரோ கம்ப்யூட்டர் சென்டர் வைக்க அந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்கள். "தெருஸ்தாவா, லேதா?" திறப்பாயா மாட்டாயா என்று ஒரே கேள்வி. செவ்வாய்க்கிழமைக்குள் திறக்காவிட்டால் சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டும். ஆடி மாதம், அதுவும் செவ்வாய்! அந்தச் செவ்வாயன்று அண்ணன் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். ஒத்தாசைக்கு நானும் போனேன்.

அண்ணியும் கூட வந்தார். வாய் ஓயாத மனுஷி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே வந்தார். எனக்கு மனசே சரியில்லை.

கடை வாசலில் நின்று அந்த அம்மாளுக்காகக் காத்திருந்தோம். அப்போது மலையேறி வந்த பெங்களூர் பஸ் ஒன்று, எங்கள் எதிரிலேயே புகையைக் கக்கிப் படுத்துவிட்டது. ஜனங்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். வேலை தேடிப் போகிற பிள்ளைகள்தான் பாதி. கையில் ஃபைலோடு ஒரு பெண் நேரே அண்ணனிடம் வந்தது.

"அண்ணா, இது ஓட்டலா? தெறப்பாங்களா? காலைலருந்து ஒண்ணும் துன்னலண்ணா. நாளைக்கு இண்டர்வியூ, தலைய சுத்துது."

அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

"ராகு காலம்ணா," என்று என் வாய் சும்மா இராமல் உளறிவிட்டது.

"வந்தா வரட்டும்பா! அவருக்கும் ஒரு எலை போட்டுர்றேன்!"

சாவியைத் திருகி, இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினார் பாருங்கள், கடகடவென்று தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் அண்ணிக்கு உயிர் வந்துவிட்டது. "இன்னாத்த வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? வெங்காயத்த உரிங்க!"

அப்புறம் நடந்தது கல்யாண அமர்க்களம்தான். எதிர்க்கடையில் ராகி மாவும் மசாலாவும், பக்கத்துக் கடையில் கோழியும் வாங்கினோம். கண்டக்டர் பூண்டு உரித்தார். டிரைவர் களிக் கட்டையைப் பிடித்தார். நான் வெங்காயத்தோடு போராடினேன். ராகு போனாரா இருந்தாரா என்று கவனிக்க யாருக்கும் நேரமில்லை. பஸ் சரியாகி ஹாரன் அடித்தபோதும் ஒருவரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாவி வாங்க வந்த அம்மாள் மூன்றாம் உருண்டையில் இருந்தார். சாவியைப் பற்றி மூச்சே விடவில்லை.

கூட்டம் போனபின் அண்ணி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். "இந்த ஷட்டர் சத்தத்தக் கேக்கத்தான்யா உசுர வச்சிக்கினு இருந்தேன்."

அண்ணன் அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கும் தெறக்கறேம்மே," என்றார். "நாளும் கெடையாது, கெழமையும் கெடையாது."

சொன்னபடியே திறந்தார். ஆடி, மார்கழி என்று ஒரு நாள்கூட மூடியதில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த போர்டு ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவேன். பாதி வழியிலேயே மனைவி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். எனக்கு வேண்டாம் என்பேன். "பசிக்கலையா?" என்பாள். பசி உயிர்போகும். ஆனாலும் அண்ணன் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் பலமனேரைத் தாண்டிப்போக எனக்கு மனசு வருவதில்லை.