பந்தை விடாதே, மணிமொழி!

"மணிமொழி! பந்தை ரெண்டு கையால பிடி!"

கல்யாணராமன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் கிளம்பிவிட்டன. மணிமொழி மட்டும் கிளம்பவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியவள் சட்டென்று நின்று, அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, அவர் பக்கம் மரியாதையாகத் திரும்பினாள்.

"சார்?" என்றாள்.

அவ்வளவுதான். எதிரணியின் ஏழாம் நம்பர் எங்கிருந்தோ வந்து, பந்தை இரண்டு கையாலும் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடைக்குள் போட்டுவிட்டாள்.

"என்ன 'சார்'? என்ன சார்ங்கறேன்! பந்து எங்கடி?"

"அவ எடுத்துக்கினு போய்ட்டா சார்."

"அதுதான் எனக்கே தெரியுதே!"

கல்யாணராமன் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டம் ஆரம்பித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவருடைய பெண்கள் எத்தனை முறை பந்தை எதிராளிக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டார். பாஸ்கெட்பாலில் இதற்கு டர்ன் ஓவர் என்று பெயர். கூடைக்குக் குறிவைத்துத் தவறினால் கௌரவமாவது மிஞ்சும். குறியே வைக்காமல், கையில் இருந்த பந்தை அடுத்தவனிடம் கோட்டைவிடுவதுதான் டர்ன் ஓவர். மயிலாப்பூரில் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியில் இருபது வருடமாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிற கல்யாணராமனுக்கு உலகத்தில் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், இதைத் தவிர.

அதிலும் இன்றைக்குப் பொறுப்பதற்கில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இது அரையிறுதி. எதிரில் திருவல்லிக்கேணியிலிருந்து வந்த அணி. ஆட்டம் நடப்பது கல்யாணராமனின் சொந்தக் கோர்ட்டில். ஷாமியானாவுக்கு அடியில் பிரின்சிபால் நீரஜா மேடம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காண்டிராக்டர் செந்தில்குமார்.

காண்டிராக்டருக்குப் பாஸ்கெட்பாலில் என்ன வேலை என்றால், பாஸ்கெட்பாலில் ஒரு வேலையும் இல்லை. கோர்ட்டில்தான் வேலை. ஆசிரியர்களின் கார்களை நிறுத்த இடமில்லை என்று பிரின்சிபாலுக்கு வெகுநாளாகக் கவலை. போன வாரம் கல்யாணராமனைக் கூப்பிட்டு, "ஃபைனலுக்குப் போனா கோர்ட் இருக்கும் சார். போகலேன்னா கார் இருக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

கல்யாணராமன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. வருடா வருடம் கோடைவிடுமுறையில் அந்தக் கோடுகளுக்குத் தன் கையாலேயே வெள்ளையடிக்கிறவர் அவர். அந்தக் கோர்ட் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அதன்மேல் யாரோ ஒருவருடைய கார் எண்ணெய் ஒழுகிக்கொண்டு நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மேடம்," செந்தில்குமார் கையை நீட்டிக் காட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. "அந்தக் கம்பத்தப் புடுங்கிட்டா இன்னும் ரெண்டு வண்டி நிக்கும்."

கல்யாணராமன் பல்லைக் கடித்துக்கொண்டு டைம் அவுட் கேட்டார்.

ஐந்து பெண்களும் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்று, அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நான் கத்தினா நீ ஏன்டி திரும்பறே?" என்றார் மணிமொழியிடம்.

மணிமொழி பட்டினப்பாக்கத்துப் பெண். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "நீங்கதான சார் சொன்னீங்க? நான் பேசும்போது எந்த வேலையா இருந்தாலும் நிறுத்திட்டு மூஞ்சியப் பாரு, அதான் மரியாதன்னு."

சொன்னது உண்மைதான். பெண்கள் கையில் செல்போன் வந்த நாளிலிருந்து கல்யாணராமன் போட்ட முதல் சட்டம் அது. ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிற பெண்களுக்குப் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார். மற்ற எதையும் மறந்தாலும் இதை மட்டும் ஒருத்தியும் மறந்ததில்லை.

"அது மரத்தடில பேசும்போதுடி! ஆட்டத்துல இல்ல! இனிமே நான் என்ன கத்தினாலும் யாரும் திரும்பக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

புரிந்துதான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த முறை பந்து மணிமொழி கைக்கு வந்ததும், அவள் நிதானமாகத் தட்டிக்கொண்டு போனாள். யாரும் அவளை நெருங்கவில்லை. ஆனால் பந்து கிடைத்து இருபத்துநாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நேரம் ஆச்சு! போடு! தள்ளி நின்னே போடு!" என்று கத்தினார் கல்யாணராமன்.

மணிமொழி திரும்பவில்லை. காதிலேயே விழாதவள்போலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"போடுடி! உன்னைத்தான்!"

நேரம் முடிந்தது. நடுவர் விசில் ஊதி, பந்தைத் திருவல்லிக்கேணிக்குக் கொடுத்தார். பந்து கிடைத்த வேகத்தில் ஏழாம் நம்பர் தள்ளி நின்றே எறிந்தாள். கூடைக்குள் விழுந்தது. மூன்று புள்ளி.

"நான் கத்தினது காதுல விழலியா?"

"விழுந்துச்சு சார். நீங்கதான் கண்டுக்காதன்னீங்க."

"திரும்பாதன்னேன்! கேக்காதன்னா சொன்னேன்?"

கல்யாணராமன் ஆற்றாமையோடு எதிரணிப் பெஞ்சைப் பார்த்தார். அங்கே சுங்குடிப் புடவை கட்டிய ஓர் அம்மாள் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வாரப்பத்திரிகை. கையில் பேனா. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. குறுக்கெழுத்துப் போடுகிறார் போலிருந்தது. அவருடைய பெண்களோ பந்தை இரண்டு கையால் வாங்குகிறார்கள், பார்த்துப் பாஸ் போடுகிறார்கள், நேரம் அறிந்து எறிகிறார்கள். கல்யாணராமனுக்கு வயிறு எரிந்தது.

"பயிற்சின்னா அது பயிற்சி," என்று மைதானப் பணியாளர் முருகையனிடம் முணுமுணுத்தார். "வாயைத் திறக்காமயே ஆட வைக்கறாங்க பாரு. நானும் இருக்கேனே!"

"நீங்க இன்னா சார் இப்பிடிக் கத்துறீங்க? கோயில் குளத்தாண்ட வரைக்கும் கேக்குது," என்றார் முருகையன்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். செந்தில்குமார் டேப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் இறங்கி, மூன்று புள்ளிக் கோட்டின் வளைவை அளந்துகொண்டிருந்தார். கல்யாணராமன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

"கேளுங்க," என்றார் பெண்களிடம். "இப்ப ஒரே ஒரு விதி. நான் பேர் சொல்லிக் கத்தினா, அந்தப் பேருக்காரி மட்டும் கேக்கணும். பேர் சொல்லாம கத்தினா, அது எல்லாருக்கும். சந்தேகம் இருந்தா, லேசா என்னைப் பார்த்துக்கலாம். லேசா!"

காப்டன் அன்புச்செல்வி கையைத் தூக்கினாள். "லேசான்னா எவ்ளோ சார்?"

"கண்ணை மட்டும் திருப்பு! கழுத்தைத் திருப்பாதே!"

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று நினைத்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. திருவல்லிக்கேணிப் பெண்கள் பந்தோடு வந்தார்கள். கல்யாணராமன் தடுப்பாட்டத்தின் முதல் பாடத்தைக் கத்தினார்.

"கையை மேல தூக்குங்க!"

பேர் சொல்லவில்லை. ஆகவே எல்லாருக்கும். ஐந்து பெண்களும் கையை மேலே தூக்கினார்கள். சந்தேகத்துக்கு இடமாக இருந்ததால் ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். கழுத்தைத் திருப்பக்கூடாது என்பதால் உடம்போடு திரும்பினார்கள். போலீஸ் துப்பாக்கியைக் கண்டவர்கள்போலக் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்க, ஏழாம் நம்பர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துபோய்க் கூடையில் போட்டாள். ஓடக்கூட இல்லை.

ஷாமியானாவில் யாரோ சிரித்தார்கள். பிரின்சிபால் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

"ஐயோ! என்னைப் பார்க்காதீங்கடி! பந்தைப் பாருங்க! பந்தை..."

அங்கே அவருடைய குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார், செருமினார், மறுபடி முயன்றார். பழைய சைக்கிள் பம்பு மாதிரி உஸ் என்றது.

"நான் அப்பவே சொன்னேன்," என்று முருகையன் கேண்டீன் பக்கம் ஓடினார்.

கல்யாணராமன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. இனிமேல் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ஆனால் நடந்தது வேறு.

மணிமொழி திரும்புவதற்குக் குரல் இல்லாததால் திரும்பாமல் ஆடினாள். அன்புச்செல்வி கூடைக்கடியில் நின்று, வந்த பந்தையெல்லாம் உள்ளே போட்டாள். எதிரில் திருவல்லிக்கேணிப் பெண்களுக்கு என்ன ஆயிற்றோ, பாஸை ஒற்றைக் கையால் வாங்கி நழுவவிட்டார்கள். நேரம் போவது தெரியாமல் தட்டிக்கொண்டே நின்றார்கள். ஏழாம் நம்பர் நிமிடத்துக்கு ஒரு தடவை கல்யாணராமன் பக்கமாகவே பரிதாபமாகப் பார்த்தாள்.

'என் பெண்களைக் கண்டு மிரண்டுட்டா,' என்று கல்யாணராமன் நினைத்துக்கொண்டார். 'முதல் பாதி பூரா நான் தொண்டை கிழியக் கத்தினது இப்பதான் இதுகளுக்கு மண்டைல ஏறியிருக்கு!'

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட உழைப்பு வீண்போகவில்லை. பதினாறு பத்தாயிற்று, பத்து ஆறாயிற்று. செந்தில்குமார் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். பிரின்சிபால் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

கடைசி நிமிடத்தில் அன்புச்செல்வி போட்ட பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே விழுந்தது. மயிலாப்பூர் ஒரு புள்ளி முன்னால்!

பெண்கள் கூட்டம் எழுந்து நின்று கூவியது. அடுத்த வீச்சில் திருவல்லிக்கேணி தவறவிட, பந்து மணிமொழி கையில் வந்து சேர்ந்தது. இன்னும் பத்து விநாடி. இனிப் புள்ளி எடுக்கத் தேவையில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஆட்டம் ஜெயம், கோர்ட் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து முருகையன் ஒரு டம்ளரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சார், இந்தாங்க. சுடுதண்ணில மொளகும் பனங்கல்கண்டும் தட்டிப் போட்டுக் கீது. ஒரே மடக்கா குடிங்க, கொரல் வந்துரும்."

கண் ஆட்டத்திலேயே இருக்க, கல்யாணராமன் ஒரே மடக்காகக் குடித்தார். தொண்டை எரிந்தது, காது அடைத்தது, மூக்கில் நீர் வந்தது. குரலும் வந்துவிட்டது.

வந்த குரலை அவரால் அடக்க முடியவில்லை.

"பந்தைப் பிடி! விடாதே! பந்தைப் பிடி!"

மணிமொழி திரும்பினாள்.

"சார்?"

ஏழாம் நம்பரின் முகம் பல்பு போட்டதுபோல மலர்ந்தது. பாய்ந்தாள், பந்தைப் பிடித்தாள், விடவில்லை. நேராக ஓடிக் கூடையில் போட்டாள். பந்து வலைக்குள் இறங்கும்போதே நடுவர் விசில் ஊதிவிட்டார்.

ஒரு புள்ளியில் போயிற்று.

மணிமொழி கோர்ட்டின் நடுவில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். "பாக்கக் கூடாதுன்னுதான் சார் இருந்தேன். கூப்ட்டா மாதிரி இருந்துச்சு." கல்யாணராமனுக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. குனிந்து அவளுடைய தோளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். பிரின்சிபால் எழுந்து அலுவலகத்துக்கு நடந்தார். செந்தில்குமார் பையிலிருந்து டேப்பை மறுபடி எடுத்தார்.

எதிரணிக் கோச்சுக்குக் கை கொடுக்க வேண்டியது முறை. அந்தப் பக்கம் நடந்தார் கல்யாணராமன். பாதி வழியில் ஏழாம் நம்பரே எதிரில் ஓடிவந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் சார். என் பேரு ஃபிசா," என்றாள்.

"நீ நல்லா ஆடினேம்மா," என்றார் அவர், மிச்சமிருந்த குரலில். "உங்க கோச்சைத்தான் பாக்கப் போறேன். அவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஒரு வார்த்தை பேசாம ஜெயிச்சுட்டாங்களே!"

ஃபிசா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். அந்த அம்மாள் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எங்க லைப்ரரி மேடம் சார். எங்க கோச்சு பொங்கலுக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டாரு. பெஞ்சுல பெரியவங்க யாராச்சும் உக்காரணும்னாங்க, அதான் கூட்டிக்கினு வந்தோம்," என்றவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஆட்டம் பூரா நீங்க சொன்னதத்தான் சார் நாங்க செஞ்சோம், வெள்ளிக்கிழம ஃபைனல்... அன்னிக்கும் வந்து கத்துவீங்களா?"