கை நனைக்காத மூன்று நாட்கள்

பசியோடு இருக்கிறவனை நம்பி எந்த நல்ல காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. அதிலும் அவன் பிடிவாதக்காரனாகவும் அரைகுறை ஆங்கிலம் பேசுகிறவனாகவும் இருந்துவிட்டால், காரியம் கெடுவதற்கு வேறு எதிரியே வேண்டாம். இதை நான் அயர்லாந்தில், உணவுத் திருவிழாக்களுக்கு நடுவே, மூன்று நாள் பட்டினி கிடந்து தெரிந்துகொண்டேன். (ஆமாம், உணவுத் திருவிழாவில்தான் பட்டினி. கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் என்னை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்கிறார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

ரங்கூனில் ஒரு செல்போன் சிம் கார்டு வாங்க வீட்டை விற்க வேண்டியிருந்த காலம் அது. என் தங்கை செல்வி நர்ஸ் வேலைக்கு முதலில் சிங்கப்பூர் போனாள், பிறகு அங்கிருந்து அயர்லாந்து. போன இரண்டாம் வருடம், பிரெண்டன் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகக் கடிதம் எழுதினாள். ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பா இருந்தா அவர் போயிருப்பார். இப்ப நீதான் போகணும். குடும்பத்தைப் பாரு, பையனைப் பாரு. நீ சரின்னா சரி. சரியில்லைன்னா அவளைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துடு."

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. லத்தா கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தேன். அதுவரை எந்த விஷயத்திலும் யாரும் என் சம்மதத்தைக் கேட்டதில்லை. திடீரென்று ஒரு பெண்ணின் வாழ்க்கையே என் தலையாட்டலில் இருக்கிறது என்றதும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. கண்ணாடி முன் நின்று, ஆழ்ந்து யோசிப்பதுபோல் முகத்தை வைத்துப் பழகினேன். பார்க்கப் பல்வலிக்காரன்போல் இருந்தது.

புறப்படும்போது அம்மா இன்னொன்றும் சொன்னாள். "முடிவாகிற வரைக்கும் அவங்க வீட்டுல கை நனைக்கக் கூடாது, தெரியும்ல? பச்சைத் தண்ணி குடி, பரவாயில்லை. ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம்னு ஆயிடும். செல்விகிட்டச் சொல்லாதே, சிரிப்பா."

சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடியும்வரை சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ரங்கூனில் இது ஒரு கஷ்டமே இல்லை. மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். வெளியே வந்ததும் தெருமுனையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டால் மீன் குழம்பும் நூடுல்ஸுமாக வயிறு நிறைந்துவிடும். மூன்று விமானம் மாறிப் போகிற ஊருக்கு இந்த விதி தாங்குமா என்று அம்மாவும் யோசிக்கவில்லை, பல்வலி முகத்தோடு நானும் யோசிக்கவில்லை.

வழித்துணைக்கு அம்மா ஒரு பாட்டில் பலச்சாங் கொடுத்திருந்தாள். காய்ந்த இறாலையும் மிளகாயையும் எண்ணெயில் வறுத்தது, ஒரு மாதம் கெடாது. அங்கே விமான நிலையத்தில் அதிகாரி மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பாட்டில் திரும்பி வரவில்லை. கையில் மிஞ்சியது ஒரு பொட்டலம் பொரிகடலை.

வரவேற்க வந்த செல்விக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வேலை இருந்தது. "மூணாம் நாள் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன்ணே. அதுவரைக்கும் பிரெண்டன் வீட்டுல உன்னைச் சுத்திக் காட்டுவாங்க. இப்ப ஊருக்கு ஊர் சாப்பாட்டுத் திருவிழா. நல்லா சாப்பிடு" என்று சொல்லி, என்னை அவர்களுடைய வேனில் ஏற்றிவிட்டாள்.

பிரெண்டனின் அப்பா ஓட்டினார். அவருடைய வேனுக்கு மாட்டு வண்டி வழி கேட்டு ஹாரன் அடிக்கும். இரண்டு பக்கமும் கல் சுவர் வைத்த ஒற்றையடிச் சாலையில், எதிரே யார் வந்தாலும் நிறுத்துவார். மழை பெய்கிறது என்பதை, மழையில் நனைந்தபடியே, இருவரும் உறுதி செய்துகொள்வார்கள். பிறகு ஆடுகள் கடக்கும். ஆடுகளையும் அவருக்குத் தெரியும். முன் சீட்டில் அவர் மனைவி நோரா. பின்னால் நானும் பிரெண்டனும். என் மடியில் ஒரு கூடை, கூடைக்குள் அன்று காலை நோரா சுட்ட ரொட்டி. மேலே சிலுவைபோல் கீறி ஓட்ஸ் தூவியிருக்கும். அதன் சூடு என் தொடையில் இறங்கும், வாசனை மூக்கில் ஏறும். பச்சைப் பசேல் என்ற அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது என் மடிதான்.

முதல் நாள் அவர்கள் வீட்டில் நோரா அந்த ரொட்டியை வெட்டி, வெண்ணெயை நம்மூர்ச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பதுபோல் தடவி நீட்டினார். "வேண்டாம் ஆன்ட்டி, வயிறு நிறைந்திருக்கிறது" என்றேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் வயிறு நிறைந்திருந்தது. மறுநாள் காலையிலும் நிறைந்திருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொரிகடலையைப் பத்துப் பத்தாக எண்ணித் தின்றேன்.

இரண்டாம் நாள் கடற்கரையில் சிப்பித் திருவிழா. எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே உறிஞ்சினார்கள். சாதாரண நாளாக இருந்தால் அதைப் பார்த்து ஓடியிருப்பேன். அன்றைக்கு ஓட்டையும் சேர்த்துத் தின்றிருப்பேன். சட்டென்று ஒரு யோசனை வந்தது: சொந்தக் காசில் அந்நியர் கையால் வாங்கிச் சாப்பிட்டால் விதிமீறல் இல்லையே! கூட்டத்தின் கடைசிக்குப் போய் ஒரு கடையில் உருளைக்கிழங்கு அடை கேட்டேன். கடைக்காரர் காசை வாங்க மறுத்துவிட்டார். "நீ செல்வியின் அண்ணன்தானே? நான் பிரெண்டனின் சித்தப்பா" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தேன். பாலாடைக்கட்டிக் கடையில் மாமா பையன் இருந்தான். தேன் விற்ற கிழவிக்கு நோரா பேத்தி முறை. அந்த மாவட்டமே சம்பந்தி வீடாக இருந்தது.

பேசாமல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் "உங்களைப் பிடிக்கிறதா என்று முடிவு செய்யாததால் உங்கள் சோற்றைத் தொடவில்லை" என்பதை என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னால் போர்ப் பிரகடனம்போல் இருக்கும். போதாததற்கு, பிறத்தியாருக்குச் சங்கடம் கொடுக்கக் கூசுகிற பர்மியக் குணம் ஒன்று உண்டு. 'அனாடே' என்பார்கள். அதுவும் ரங்கூனில் பிறந்த பாவத்துக்கு என்னிடம் நிறைய இருந்தது. சங்கடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்து நான் கொடுத்த சங்கடத்துக்கு அளவே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு கிராமத்தில் ரொட்டிப் போட்டி. வேனை நிறுத்தியதும் பிரெண்டனின் அப்பா யாரிடமோ போய்க் குசுகுசுத்தார். அடுத்த நிமிடம் என் சட்டையில் நடுவர் ரிப்பன் குத்தினார்கள். (நடுவராக்கினால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று அவர் போட்ட திட்டம் அது. பிறகு தெரிந்தது.) என்னோடு ஒரு பாதிரியாரும் ஒரு பள்ளி ஆசிரியையும் நடுவர்கள். மேசையில் ஒன்பது ரொட்டி. பெயர் கிடையாது, எண் மட்டும்.

எண் இரண்டில் சிலுவைக் கீறலும் ஓட்ஸும் இருந்தன. மூன்று நாள் மடியில் வைத்திருந்தவனுக்கு அடையாளம் தெரியாதா? அது நோராவுடையது. அப்படியானால் மற்ற எட்டும் யாரோ அந்நியர்களுடையவை! அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட வரவில்லை. எண் இரண்டைத் தொடாமல் தாண்டிப் போனேன். எண் ஐந்தில் ஒரு துண்டு எடுத்தேன். அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நிமிர்ந்தபோது எண் ஐந்து இருந்த தட்டில் எண் மட்டும் இருந்தது. பாதிரியார் வெறும் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

யாரோ கை தட்டினார்கள். ஒரு தடித்த அம்மாள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். எண் ஐந்தின் சொந்தக்காரி. நோராவின் நாத்தனார். இதே ரொட்டிப் போட்டியில் வந்த சண்டையால் இருவரும் பல வருடமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. நோரா என்னையும் பார்க்கவில்லை, அந்த அம்மாளையும் பார்க்கவில்லை. மெதுவாக நடந்துபோய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கே? காலையில நோராம்மா போன்ல அழறாங்க. 'உங்க அண்ணனுக்கு எங்களைப் பிடிக்கலை, தண்ணியைத் தவிர எதையும் தொடலை. வீட்டை எதிர்த்துக்கிட்டு நீ வர வேணாம்'னு சொல்றாங்க. கல்யாணத்தை நிறுத்திடலாம்னு பிரெண்டன்கிட்டயும் சொல்லிட்டாங்க!"

வாயோரம் ரொட்டித் தூளோடு அம்மாவின் உத்தரவைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

"நான் ஒரு வருஷமா அவங்க கையாலதான் சாப்பிடறேன். காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி ஊட்டினது யாரு? நீயா, அம்மாவா? பிரெண்டனும் உன் முன்னாடி மூணு நாளா ஒரு வாய் சாப்பிடலை, தெரியுமா? விருந்தாளி பசியா இருக்கையில நான் எப்படிச் சாப்பிடறதுன்னு கேட்கிறான்."

பிரெண்டனைப் பார்த்தேன். அவன் மழையில் நனைந்துகொண்டு, தன் அம்மா இருந்த வேன் ஜன்னலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவன் முகம் வாடியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பையனைப் பார்த்து வா என்று அனுப்பிய ஆள் ரொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செல்வி வேனில் ஏறி நோராவிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். நோரா வேன் கதவைத் திறந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியானால் முடிவு என்ன?"

"சரி" என்றேன். அவர் கூடையிலிருந்து இன்னொரு ரொட்டியை எடுத்து முக்கால்வாசியை வெட்டி, வெண்ணெய் தடவி, என் மடியில் வைத்தார். மூன்று நாள் வயிறு நிறைந்திருப்பதாகப் பொய் சொன்னவனுக்கு, நிஜமாகவே தொண்டைவரை நிறைந்திருந்த அன்றைக்கு அதைச் சொல்ல வழியில்லை. கடைசித் தூள்வரை தின்றேன். அன்றிரவு பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

கல்யாணம் ரங்கூனில் நடந்தது. அதற்கு முதல் நாள் பகலில் சம்பந்திகள் க்யிம்யிண்டைங் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா விடியற்காலையிலிருந்து நின்று சமைத்திருந்தாள். கோழிக் குழம்பு, இறால் வறுவல், பருப்பு, ரசம், பாயாசம். இலை போட்டதும் நோரா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் போதும் என்றார். பக்கத்தில் அவர் கணவர் கோழிக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னடா, சமையல் பிடிக்கலையா? நம்ம வீடு பிடிக்கலையா? கேளுடா!"

கேட்டேன். நோரா விளையாடவில்லை. மரியாதைக்காகச் சொல்கிறார்: தாலி கட்டுவது நாளைக்குத்தானே, உங்கள் வழக்கப்படி அதுவரை நாங்கள் சாப்பிடக் கூடாது.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு நாளும் நீ அங்கே இப்படித்தான் உட்கார்ந்திருந்தியா?"

"ஆமா."

அம்மா நோராவின் இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து, தன் கையாலேயே ஒரு உருண்டை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "முடிஞ்சுது தாயி, எப்பவோ முடிஞ்சுது. சாப்பிடு" என்றாள். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே நோரா வாயைத் திறந்துவிட்டார்.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது. எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது, "கொடுக்கிறதைச் சாப்பிட்டுத் தொலை" என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். சாப்பிட்டேன். முதல் இரண்டு வீடுகளில் சம்பந்தம் கூடிவரவில்லை, சாப்பாட்டில் குறையில்லை. மூன்றாவது வீட்டில் முடிந்தது. "பெண் பார்க்க வந்த மனுஷன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை, கேசரித் தட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார்" என்று என் மனைவி இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.