பத்துச் சொற்களில் ஒரு காவியம்

உலக இலக்கியத்தில் மிக ஆழமாக வாசிக்கப்பட்ட படைப்பு எது என்று யாராவது கேட்டால், தன்னடக்கத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுச் சொல்வேன்: நான் எழுதியதுதான். மொத்தம் பத்தே சொற்கள். வாசித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள்.

நான் ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். பாடம் நடத்துவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அறிவிப்புப் பலகைக்கு எழுதுவதே என் முழுநேரத் தொண்டு. எழுதுவேன், ஒட்டுவேன், காற்று கிழித்துக்கொண்டு போகும். இப்படியே நானூறு படைப்புகள். வாசகர் என்று ஒரு ஜீவன் கிடையாது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ‘நுண்வாசிப்புத் திட்டம்’ இறங்கி வந்தது. தலைமையாசிரியர் உடனே கூட்டம் போட்டார்.

“இனிமே பசங்க ஒரு கதையைப் படிச்சா, கதை என்னன்னு சொல்லக் கூடாது.”

“பின்ன என்ன சார் சொல்லணும்?” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

“ஆசிரியர் ஏன் இந்த இடத்துல கமா போட்டார்னு சொல்லணும்.”

“மூச்சு வாங்கியிருக்கும் சார்.”

தலைமையாசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திட்டம் இனிதே தொடங்கியது.

எங்களில் ஒருவர் மட்டும் இதை நிஜம் என்று நம்பிவிட்டார். புதிதாக வந்த மொழி ஆசிரியை. சுற்றறிக்கையை நம்பும் வயது அவருக்கு. “எழுதினவர் என்ன சொல்றார்னு மட்டும் பார்க்காதீங்க. எதைச் சொல்லாம விடறார், ஏன் இந்த வார்த்தையைப் போட்டார்னு பாருங்க” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் வகுப்பு கெட்டுப்போனது. அதிலும் ‘பூதக்கண்ணாடி’ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பெண், காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் “மாணவச் செல்வங்களே” என்றதும் பக்கத்துப் பெண்ணிடம், “இன்னைக்கு ஏதோ கேக்கப் போறாரு” என்றாள். அன்று கட்டட நிதி கேட்டார்.

திட்டத்தைப் பார்வையிட அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, யார் கையைத் தூக்குவது, யார் யோசிப்பது போல நெற்றியைச் சொறிவது என்பது வரை மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். ஆனால் வந்த அம்மாள் பழம் தின்று கொட்டை போட்டவர். வகுப்பில் உட்கார்ந்ததுமே, “புத்தகத்தை மூடுங்க. ஒத்திகை எல்லாம் நிறைய பார்த்துட்டேன். புதுசா ஏதாவது படிக்கட்டும்” என்றார்.

மொழி ஆசிரியை திருதிருவென்று விழித்தார். பூதக்கண்ணாடி எழுந்தாள்.

“மேடம், வெளியில பலகையில ஒண்ணு ஒட்டியிருக்கு. சின்னதுதான். எடுத்துட்டு வரட்டுமா?”

வந்தது என் படைப்பு! பூதக்கண்ணாடியே அதை உரக்க வாசித்தாள்.

“பராமரிப்பு காரணமாக மாணவியர் கழிப்பறை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. விரைவில் திறக்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் தலைமையாசிரியருக்கு வியர்த்தது.

“சரி, ஆசிரியரோட உத்தி என்ன?” என்று கேட்டார் அதிகாரி.

“எழுவாயை மறைக்கிறது, மேடம். ‘மூடப்பட்டுள்ளது’ன்னா யார் மூடினாங்க? ‘திறக்கப்படும்’னா யார் திறப்பாங்க? ஆளே இல்ல. கதவு தானா மூடிக்கிட்ட மாதிரி எழுதியிருக்காரு.”

“பிரமாதம்! அப்புறம்?”

இன்னொரு பெண் எழுந்தாள். “‘விரைவில்’ மேடம். இது மூணாவது நோட்டீஸ். மூணுலயும் ‘விரைவில்’ இருக்கு. எட்டு மாசமாச்சு. அதனால அது காலத்தைக் குறிக்கல, ஒரு மனநிலையைக் குறிக்குது.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுதும்போது இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

“‘பராமரிப்பு காரணமாக’ன்னுதான் இருக்கு, எதைப் பராமரிக்கிறாங்கன்னு இல்ல” என்று தொடர்ந்தாள் பூதக்கண்ணாடி. “கொத்தனார் வரல, குழாய்க்காரர் வரல. அப்போ உள்ள வேற எதையோதான் பராமரிக்கிறாங்க.”

தலைமையாசிரியர் இருமினார்.

“கடைசி வரி?” என்றார் அதிகாரி, குறிப்பெடுத்துக்கொண்டே.

“நாங்க யாரும் வீட்லேர்ந்து கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல, மேடம். அதுக்குத்தான் நன்றி சொல்றாரு.”

அதிகாரியின் பேனா நின்றது.

“இதை எழுதின ஆசிரியர் யாரு?”

அரங்கேற்றத் தருணம் அல்லவா? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

“கழிப்பறைச் சாவி எங்க?” என்றார் தலைமையாசிரியரிடம்.

“தொலைஞ்சு போச்சு, மேடம்.”

“‘தொலைச்சிட்டேன்’னு சொல்லல, மேடம்” என்றாள் பூதக்கண்ணாடி. “எழுவாயைத் தூக்கி சாவி மேல போட்டுட்டாரு.”

சாவி தலைமையாசிரியரின் சட்டைப்பையில் கிடைத்தது. அதாவது, கிடைக்கப்பெற்றது.

வகுப்பே ஊர்வலமாகப் போய்க் கதவைத் திறந்தோம். தரையிலிருந்து கூரை வரை கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். கட்டுப் பிரிக்காத இரண்டாயிரம் பிரதிகள். தலைப்பு: ‘நுண்வாசிப்புக் கையேடு’. ஆசிரியர்: நம் அதிகாரியேதான். அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பத்திரமா வெச்சிருக்கோம், மேடம்” என்றார் தலைமையாசிரியர். “வேற எங்கயும் இடம் இல்ல. ஒரு பக்கம்கூடக் கசங்கல பாருங்க!”

“யாருமே பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?” அந்த அம்மாள் ஒரு கட்டைத் தடவிப் பார்த்தார். என் இனம்! வாசகரில்லாத எழுத்தாளரின் துயரம் எனக்குத் தெரியாதா?

அதற்குள் பூதக்கண்ணாடி ஒரு கட்டைப் பிரித்து முன்னுரைக்குள் போய்விட்டாள்.

“‘மாணவர் நலன் கருதி இந்நூல் உருவாக்கப்பட்டுள்ளது.’ மேடம், இங்கயும் எழுவாய் இல்ல. ‘கருதி’ன்னா…”

“போதும்மா. ரொம்ப நல்லா படிக்கிறே. போய் உக்காரு” என்றார் அதிகாரி.

அன்று மாலையே கழிப்பறை திறந்துவிடப்பட்டது. மாணவிகள் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பள்ளியின் குடிநீர்த் தொட்டி மதியத்துக்குள் காலியானது. அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன்.

பத்து நாளில் எனக்குப் பதவி உயர்வு. என் நடையின் அருமை தெரிந்த அந்த அம்மாள், என்னைத் தலைமை அலுவலகத்துக்கே வரவழைத்துக்கொண்டார். மொழி ஆசிரியைக்கு இனி விளையாட்டு வகுப்பு மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒதுக்கியவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தன்னடக்கம் அதிகம்.

புதிய நாற்காலியில் அமர்ந்து நான் எழுதிய முதல் சுற்றறிக்கை இது: “நுண்வாசிப்பு இனி, காலமான ஆசிரியர்களின் படைப்புகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்படும்.”

சிலர் குறை சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு பேர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடுபடுகிறோம். அவர்களுக்குப் புரிந்துவிட்டால், அப்புறம் நாங்கள் எதற்கு?